சின்னப் பிள்ளைகளின் சீனி வருத்தமும் மூளை வீக்கமும்

சீனி வருத்தம் என்றால் நமது ஊர்களில் அது பெரியவர்களின் வருத்தம். வாப்பாவின் மெட்ஃபோமின் குளிசை, மூத்தம்மாவின் மாதாந்தக் கிளினிக் கொப்பி, கலியாண வீட்டில் வட்டிலப்பத்தை ஒரு கரண்டியோடு நிறுத்திக்கொள்வது, இப்படித்தான் அதை நாம் அறிந்து வைத்திருக்கிறோம். மூன்று வயதுப் பிள்ளைக்குச் சீனி என்று சொன்னால் உடனே யாரும் நம்புவதில்லை. "எங்கட பக்கத்தில ஆருக்கும் இல்லையே டொக்டர்" என்பார்கள். இல்லாவிட்டால், "கேட்ட நேரமெல்லாம் டொபி வாங்கிக் குடுத்து நானே புள்ளயப் பழுதாக்கிப்போட்டன்" என்று உம்மா அழத் தொடங்கிவிடுவார். இரண்டும் சரியில்லை. பிள்ளைகளுக்கு வருவது பெரும்பாலும் முதலாம் வகை நீரிழிவு. கிருமிகளை அழிக்க வேண்டிய நோயெதிர்ப்புச் சக்தி, சதையியில் இன்சுலின் சுரக்கும் கலங்களையே அழித்துவிடுவதால் வருவது அது. டொபியால் வருவதல்ல. இந்த வருத்தம் வந்த பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோரின் குடும்பத்தில் வேறு யாருக்கும் அது இருப்பதில்லை.

இந்த வருத்தம் இன்னதென்று தெரியாமல் நாட்கள் போகும்போது வருவதுதான் டீ.கே.ஏ. என்று வைத்தியசாலைகளில் சொல்லும் நிலை. டயபெற்றிக் கீற்றோ அசிடோசிஸ் என்பது முழுப் பெயர். இரத்தத்தில் கீற்றோன் என்ற அமிலம் தேங்கிப் போவது. இதைப் பற்றி எழுத வேண்டுமென்று நான் கன காலமாக நினைத்திருந்தேன். எழுதாமல் இருந்ததற்குக் காரணம், எழுதினால் ஒரு பிள்ளையைப் பற்றியும் எழுத வேண்டிவரும் என்பதுதான். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். என்னுடைய பிழையை மாற்றவில்லை.

இருபது வருடங்களுக்கு முந்தி, கிழக்கில் ஓர் ஆதார வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் நான் வேலை செய்துகொண்டிருந்தேன். அன்று வரிசை கேற் வாசல் வரைக்கும் நின்றது. மூன்று வயதுப் பெண் பிள்ளை ஒன்றைத் தோளில் போட்டபடி ஒரு தாய் வந்தார். மூச்சு வாங்குகிறது, இரண்டு தரம் சத்தி எடுத்தது என்றார். நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தேன். இழுப்புச் சத்தம் இல்லை. நெஞ்சு சுத்தமாக இருந்தது. ஆனால் பிள்ளை ஆழமாக, வேகமாக மூச்செடுத்துக்கொண்டிருந்தது. நெஞ்சு சுத்தமாக இருக்கும்போது இந்த மூச்சு எங்கிருந்து வருகிறது என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நெபுலைசர் புகை பிடிக்கச் சொன்னேன், ஒரு அன்டிபயோட்டிக் பாணி எழுதினேன். அந்தத் தாய் போகும்போது, "தண்ணி மட்டும் நல்லாக் குடிக்கிறா டொக்டர்" என்று சொன்னார். "நல்லம், குடுங்க. வெயிலுக்கு நல்லது" என்று நான் பதில் சொன்னேன்.

அடுத்த நாள் பின்னேரம் அதே பிள்ளையை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். கண் உள்ளே போயிருந்தது. உதடு வெடித்திருந்தது. வாயிலிருந்து கனிந்து அழுகத் தொடங்கிய பழத்தின் வாசம் வந்தது. விரலில் குத்தி எடுத்த ஒரு துளி இரத்தத்தில் குளுக்கோஸ் 520 மில்லிகிராம் காட்டியது.

பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. மூன்று கிழமையாகப் பிள்ளை இராவில் எழும்பி எழும்பித் தண்ணி கேட்டிருக்கிறது. பம்பர்ஸ் நிறுத்தி ஒரு வருடமான பிள்ளை திரும்பவும் படுக்கையை நனைத்திருக்கிறது. "சோம்பல் புடிச்ச புள்ள" என்று ஏசியிருக்கிறார்கள். பாத்ரூமில் எறும்பு மொய்த்ததை மூத்தம்மா கண்டிருக்கிறார். கன்னம் ஒட்டிப்போனதைப் பார்த்துவிட்டு கண்ணூறு என்று சொல்லி ஓதித் தண்ணி வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். பூச்சி மருந்தும் கொடுத்திருக்கிறார்கள். களைத்துப் போனதால் குளுக்கோஸ் தூள் கரைத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஓதித் தண்ணி கொடுத்ததில் நான் குறை காணவில்லை, என் பிள்ளைகளுக்கு என் உம்மாவும் அதைத்தான் செய்தார். அதோடு நின்றுவிட்டதுதான் பிரச்சினை. நானோ அதைவிடக் கூடப் படித்தவன். பிள்ளை என் மேசைக்கு முன்னால் இருந்தது, குளுக்கோமீற்றர் அடுத்த அறையில் இருந்தது.

உடம்பில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நாம் சாப்பிடும் சோறும் ரொட்டியும் குளுக்கோஸாக மாறி இரத்தத்தில் ஓடுகின்றன. அது தசைக்குள்ளும் கொழுப்புக்குள்ளும் போவதற்கு இன்சுலின் வேண்டும். இன்சுலின் இல்லாவிட்டால் இரத்தம் நிறையக் குளுக்கோஸ் இருந்தும் உடம்பு பட்டினி கிடக்கிறது. இரத்தத்தில் குளுக்கோஸ் ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டியதும் சிறுநீரகத்தால் அதைத் தடுத்து வைக்க முடிவதில்லை. அது சிறுநீரோடு வழிகிறது, போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. பிள்ளை தண்ணீர் குடிப்பதால் அதிகமாகச் சிறுநீர் போகவில்லை, சிறுநீரில் இழப்பதால்தான் தண்ணீர் குடிக்கிறது. நான் அன்று மாறி விளங்கிக்கொண்டது இதைத்தான்.

பட்டினி கிடக்கும் உடம்பு தன் கொழுப்பைக் கரைக்கத் தொடங்குகிறது. கொழுப்புக் கரையும்போது ஈரலில் கீற்றோன்கள் உண்டாகின்றன. அவை அமிலங்கள். நமது இரத்தத்தின் பீ.எச். அளவு 7.35க்கும் 7.45க்கும் இடையில் நிற்க வேண்டும். 7.3க்குக் கீழே இறங்கினால் அது டீ.கே.ஏ., 7.1க்கும் கீழே போனால் கடுமையானது. எண்ணில் இது சின்ன வித்தியாசம்போலத் தெரியும். ஆனால் 7.4 என்பது 7.1 ஆகும்போது இரத்தத்தின் அமிலம் இரண்டு மடங்காகிவிடுகிறது. உடம்பு இந்த அமிலத்தைக் குறைப்பதற்குக் காபனீரொட்சைட்டை ஊதி வெளியே தள்ளப் பார்க்கிறது. அதுதான் அந்த ஆழமான மூச்சு. 1874இல் அடோல்ஃப் குஸ்மோல் என்ற ஜேர்மனிய வைத்தியர் இதை விவரித்து எழுதினார், இன்றைக்கும் அவர் பெயராலேயே அழைக்கிறோம். நெஞ்சில் சளி இல்லாமல், இழுப்புச் சத்தம் இல்லாமல் ஒரு பிள்ளை இப்படி மூச்செடுத்தால் அது நுரையீரலின் வருத்தம் அல்ல. வயிற்று வலியும் சத்தியும்கூட இந்த அமிலத்தால் வருபவைதான். டெங்குக் காலத்தில் அதை டெங்கு என்றும், மற்றக் காலத்தில் வயிற்றுக் கோளாறு என்றும், சில வேளை அப்பென்டிக்ஸ் என்றும் நினைத்துவிடுவோம்.

கைக்குழந்தைகளிலும் சின்னப் பிள்ளைகளிலும் இது இன்னும் மறைந்து கிடக்கும். தாகம் என்று சொல்லத் தெரியாத குழந்தை அழும், பால் கொடுத்தால் கொஞ்சம் அடங்கும், திரும்பவும் அழும். பம்பர்ஸ் கட்டிய குழந்தை அதிகமாகச் சிறுநீர் போவதை யார் எண்ணிப் பார்ப்பது? வாய் காய்ந்து கண் உள்ளே போன குழந்தையின் பம்பர்ஸ் பாரமாக நனைந்திருந்தால் அது பெரிய அடையாளம். சாதாரண வயிற்றோட்டத்தில் உடம்பு காய்ந்த குழந்தைக்குச் சிறுநீர் குறையும், இங்கே குறையாது. சின்ன வயதில் இன்சுலின் கலங்கள் வேகமாக அழிகின்றன என்பதும் உண்மை. பெரிய பிள்ளைக்கு மாதக் கணக்கில் நடப்பது, இரண்டு வயதுக் குழந்தைக்கு நாள் கணக்கில் முடிந்துவிடலாம்.

டீ.கே.ஏ.யில் பிள்ளைகள் இறப்பதற்கு முதற்காரணம் உயர்ந்த சீனி அல்ல. மூளை வீங்குவதுதான். இந்த நிலையில் இறக்கும் பிள்ளைகளில் 60 முதல் 90 சதவீதமானோரின் மரணத்துக்கு அதுவே காரணம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அது அடிக்கடி வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். டீ.கே.ஏ.யோடு வரும் நூறு பிள்ளைகளில் ஒருவருக்கும் குறைவாகவே அது வெளிப்படையாகத் தெரியும். ஆனால் வந்துவிட்டால் கொடூரமானது. 2001இல் நிக்கோல் கிளேசரும் அவரோடு சேர்ந்தவர்களும் நியூ இங்கிலாந்து மருத்துவ சஞ்சிகையில் வெளியிட்ட ஆய்வில், மூளை வீங்கிய 61 பிள்ளைகளில் 13 பேர் இறந்திருந்தார்கள், இன்னும் 13 பேர் நிரந்தரமான நரம்புப் பாதிப்போடு தப்பியிருந்தார்கள்.

மூளை ஏன் வீங்குகிறது? நான் படித்த காலத்தில் எங்களுக்குச் சொல்லித் தந்தது, சேலைனை அவசரப்பட்டு ஏற்றினால் தண்ணீர் மூளைக்குள் புகுந்து வீங்கும் என்பதுதான். அதனால் சேலைனைக் கண்டாலே பயப்படும் ஒரு தலைமுறை வைத்தியர்கள் உருவானோம். அந்த ஆய்வு வேறொன்றைக் காட்டியது. யாருக்கு மூளை வீங்கியது என்று பார்த்தபோது, வைத்தியசாலைக்கு வரும்போதே இரத்தத்தில் யூரியா கூடியும் காபனீரொட்சைட் மிகவும் குறைந்தும் இருந்த பிள்ளைகளுக்கே அந்த ஆபத்து அதிகமாக இருந்தது. அதாவது அதிகமாகக் காய்ந்துபோன, அதிகமாக அமிலம் தேங்கிய பிள்ளைகளுக்கு. பைகாபனேற் மருந்து ஏற்றப்பட்டவர்களிலும் ஆபத்து கூடியிருந்தது, ஆகவே அமிலத்தைப் போக்கும் என்று நினைத்துக் கொடுத்துவந்த அந்த மருந்து வழக்கமான சிகிச்சையிலிருந்து நீங்கியது.

பின்னர் 2018இல் நேத்தன் குப்பர்மன் தலைமையில் அமெரிக்காவின் 13 வைத்தியசாலைகளில், டீ.கே.ஏ.யோடு வந்த 1,389 சந்தர்ப்பங்களை வைத்துச் செய்த பெரிய பரிசோதனையின் முடிவு வந்தது. சேலைனை வேகமாகக் கொடுப்பதற்கும் மெதுவாகக் கொடுப்பதற்கும், அதன் உப்பு கூடியிருப்பதற்கும் குறைந்திருப்பதற்கும் மூளைப் பாதிப்பில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என்று தெரிந்தது. அந்தப் பரிசோதனையில் கொடுத்த வேகங்கள் எல்லாமே கணக்குப் போட்ட வேகங்கள்தான், ஆகவே இதைக் கேட்டுவிட்டு யாரும் கண்டபடி ஏற்றலாம் என்று நினைக்கக் கூடாது. இன்று பலர் சாய்ந்திருக்கும் கருத்து இது: உடம்பு காய்ந்து இரத்தம் குறைவதாலும், வேகமூச்சால் காபனீரொட்சைட் குறைந்து மூளையின் இரத்தக் குழாய்கள் சுருங்குவதாலும், வைத்தியசாலைக்கு வரும் முன்னமே மூளை பாதிக்கப்படத் தொடங்கிவிடுகிறது. சிகிச்சையால் இரத்தம் திரும்பப் பாயும்போது பழுதான குழாய்களிலிருந்து நீர் கசிந்து வீக்கம் வெளியே தெரிகிறது.

இதை வாசித்த அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. வீக்கம் எங்கள் சேலைனால் வரவில்லை என்றால், அது வீட்டில் போன மூன்று கிழமையிலும், நான் திருப்பி அனுப்பிய அந்த ஒரு நாளிலும் வந்தது.

அந்தப் பிள்ளைக்கு 11 கிலோ எடை. உம்மா கொண்டுவந்த வளர்ச்சிப் பதிவேட்டில் மூன்று மாதத்துக்கு முந்தி பதின்மூன்றரைக் கிலோ எழுதியிருந்தது. முதல் ஒரு மணித்தியாலம் சேலைன் மட்டும் கொடுத்தோம். பிறகு இன்சுலினை மெஷின் மூலம் சொட்டுச் சொட்டாகத் தொடங்கினோம். கிலோ ஒன்றுக்கு மணித்தியாலத்துக்கு 0.05 முதல் 0.1 யுனிட் என்பதே அளவு, அந்தப் பிள்ளைக்கு மணித்தியாலத்துக்கு ஒரு யுனிட் அளவில்தான் வரும். ஏழு மணித்தியாலம் எல்லாம் நன்றாகப் போனது. சீனி 520இலிருந்து 290க்கு இறங்கியது. மூச்சு கொஞ்சம் அமைதியானது. "உம்மா" என்று கூப்பிட்டது. நாங்கள் ஆறுதலடைந்தோம்.

சுபஹுக்குக் கொஞ்சம் முந்தி அந்தத் தாய் தாதியிடம் போய், பிள்ளை தலையைப் பிடித்துக்கொண்டு முனகியது, இப்போது ஒரு மாதிரிக் கிடக்கிறது என்று சொல்லியிருக்கிறார். மொனிட்டரில் இதயத் துடிப்பு 150இலிருந்து 90க்கு வந்திருந்தது. களைத்த பிள்ளை நித்திரை கொள்கிறது, துடிப்பும் இறங்கியிருக்கிறது, நல்லது என்று தாதி சொல்லியிருக்கிறார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன், என்னிடம் கேட்டிருந்தாலும் நானும் அதையே சொல்லியிருப்பேன். தாய் விடவில்லை. வார்ட்டின் மறுகோடியிலிருந்த என்னிடம் வந்து நின்றார். "டொக்டர், இது நித்திர இல்ல. எண்ட புள்ள நித்திர கொள்ற மாதிரி எனக்குத் தெரியாதா?"

போய் நெஞ்சில் விரல் முட்டியால் அழுத்தினேன். பிள்ளை கையை விலக்கவில்லை, கை நீண்டு விறைத்தது. ஒரு கண்ணின் பாவை பெரிதாகியிருந்தது.

டீ.கே.ஏ. சிகிச்சையில் இருக்கும் பிள்ளைக்குக் காவலிருப்பவர்கள் கவனிக்க வேண்டியவற்றை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் சிகிச்சை தொடங்கி நான்கு முதல் பன்னிரண்டு மணித்தியாலத்துக்குள் இது வருகிறது. அதற்கு முந்தியும் வரலாம், ஒரு நாள் கழித்தும் வரலாம். சத்தி நின்ற பிள்ளை திரும்பச் சத்தி எடுப்பது, தலையிடி தொடங்குவது அல்லது கூடுவது, காரணமில்லாமல் சிணுங்குவது, ஆளைத் தெரியாதது மாதிரிப் பேசுவது, எழுப்பினால் எழும்பாமல் கிடப்பது, நன்றாகச் சொல்லிப் போகும் பிள்ளை படுக்கையில் சிறுநீர் போவது, இதயத் துடிப்பு திடுமென்று இறங்கி அப்படியே நிற்பது. கடைசியாகச் சொன்னதுதான் எங்களை ஏமாற்றியது. உடம்பில் நீர் ஏறும்போது துடிப்பு மெல்ல மெல்லக் குறைவது நல்ல அடையாளம், ஒரேயடியாகச் சரிவது மூளையின் அழுத்தம். கண்ணின் பாவை மாறுவதும் கை கால் விறைப்பதும் பிந்திய அடையாளங்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளும், இப்போதுதான் முதன்முதலாகச் சீனி கண்டுபிடிக்கப்பட்ட பிள்ளைகளும் இந்த ஆபத்துக்குக் கிட்ட இருப்பவர்கள்.

இந்த நேரத்தில் ஸ்கேனுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கக் கூடாது. ஆரம்பத்தில் ஸ்கேன் சாதாரணமாகவே தெரியலாம். கட்டிலின் தலைமாட்டை உயர்த்தி, மனிற்றோல் மருந்தைக் கிலோவுக்கு அரை முதல் ஒரு கிராம் வீதம் பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஏற்ற வேண்டும். அல்லது 3 சதவீத உப்புச் சேலைன். அன்று எங்கள் வார்ட்டு அலுமாரியில் மனிற்றோல் இருந்தது. இருந்தபடியால் அந்தப் பிள்ளை உயிரோடு இருக்கிறது.

வார்ட்டில் குடும்பத்தார் கோபப்படும் சில விஷயங்கள் உண்டு. "புள்ள தண்ணி தண்ணிண்டு கத்துது, ஒரு சொட்டுக் குடுக்க உடுறாங்க இல்ல" என்பது ஒன்று. அமிலம் கடுமையாக இருக்கும்போது இரைப்பை வேலை செய்யாமல் நிற்கிறது, மயக்கத்திலிருக்கும் பிள்ளை சத்தி எடுத்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும். மறைத்து வைத்து இளநீர் பருக்கிய மூத்தம்மாமாரை நான் கண்டிருக்கிறேன். அவர்களின் பாசம் விளங்குகிறது, ஆனால் வேண்டாம். இன்னொன்று, "சீனி வருத்தத்துக்கு சீனித் தண்ணியே ஏத்துறாங்க" என்ற முறைப்பாடு. சீனி 250, 300க்கு இறங்கியதும் சேலைனோடு டெக்ஸ்ட்ரோஸ் சேர்ப்பது பிழையால் அல்ல. சீனி குறைந்தாலும் அமிலம் இன்னும் போகவில்லை, அமிலத்தைப் போக்க இன்சுலின் தொடர வேண்டும், இன்சுலின் தொடர்ந்தால் சீனி விழுந்துவிடும், ஆகவே குளுக்கோஸையும் கூடவே கொடுக்கிறோம். "ஒரு ஊசியில் இறக்கிவிடுங்கோ" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். இன்சுலின் பொட்டாசியத்தைக் கலங்களுக்குள் தள்ளும். ஏற்கெனவே சிறுநீரில் பொட்டாசியத்தை இழந்திருக்கும் பிள்ளைக்கு அது திடீரென்று குறைந்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். அதனால்தான் இரண்டு மணித்தியாலத்துக்கும் நாலு மணித்தியாலத்துக்கும் ஒருதரம் இரத்தம் எடுப்பது. "இருக்கிற இரத்தத்தையும் உறிஞ்சிறாங்க" என்று சொல்ல வேண்டாம்.

மூளையைத் தவிர மற்ற உறுப்புகளும் அடிபடுகின்றன. கனடாவின் வன்கூவரில் 165 பிள்ளைகளின் பதிவுகளைப் பார்த்து 2017இல் வெளியிட்ட ஆய்வில் 64 சதவீதமானோருக்குச் சிறுநீரகம் ஏதோ ஓர் அளவில் பாதிக்கப்பட்டிருந்தது, நினைத்ததைவிடப் பெரிய எண். பெரும்பாலும் அது மீண்டுவிடும். இரத்தம் தடித்திருப்பதால் குழாய்களில் கட்டியாக உறைவதும், அரிதாக சதையி வீங்குவதும் உண்டு. மூளை வீக்கம் வெளியே தெரியாத பிள்ளைகளிலும், பிறகு சோதித்துப் பார்க்கும்போது ஞாபகத்திலும் கவனத்திலும் சிறிய குறைபாடுகள் தெரிவதாக ஆய்வுகள் சொல்கின்றன. வகுப்பில் பாடம் ஏறவில்லை என்று அடி வாங்கும் ஒரு பிள்ளை, இப்படி ஒரு டீ.கே.ஏ.யைத் தாண்டி வந்த பிள்ளையாக இருக்கலாம்.

முதன்முதலாகச் சீனி கண்டுபிடிக்கப்படும்போதே டீ.கே.ஏ.யில் இருக்கும் பிள்ளைகளின் விகிதம் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இடத்துக்கு இடம் 15 முதல் 70 சதவீதம் வரை வேறுபடுகிறது. பணமும் ஸ்கேனும் உள்ள நாடுகளிலேயே இப்படி என்றால் பொருள் என்ன? இது கருவிகளால் மட்டும் தீரும் விஷயமல்ல. கனடாவின் ஒன்ராறியோவில், டீ.கே.ஏ.யோடு கண்டுபிடிக்கப்பட்ட பிள்ளைகளில் பத்துக்கு ஏறத்தாழ நான்கு பேர் அதற்கு முந்திய ஒரு கிழமைக்குள் ஒரு வைத்தியரிடம் போய் வந்தவர்கள் என்று 2010இல் எழுதினார்கள். என்னைப் போன்றவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள்.

இத்தாலியின் பார்மா மாகாணத்தில் 1991இல் ஒரு வேலை செய்தார்கள். பாடசாலைகளிலும் குழந்தை வைத்தியர்களின் கிளினிக்குகளிலும் ஒரு சுவரொட்டி ஒட்டினார்கள். படுக்கையை நனைக்காமலிருந்த பிள்ளை திரும்ப நனைக்கத் தொடங்கினால், அதிகம் தண்ணீர் குடித்தால், மெலிந்தால் உடனே சீனியைப் பாருங்கள் என்பதே அதன் சாரம். வைத்தியர்களுக்குச் சீனி பார்க்கும் கருவி கொடுத்தார்கள். அதற்கு முந்திய வருடங்களில் புதிதாகச் சீனி கண்டுபிடிக்கப்பட்ட பிள்ளைகளில் 78 சதவீதமானோர் டீ.கே.ஏ.யோடு வந்திருந்தார்கள். பின்னர் அது 12.5 சதவீதமாகக் குறைந்தது. ஒரு சுவரொட்டிதான்.

நம்மிடமும் அதற்கு இடங்கள் இருக்கின்றன. ஓதப்பள்ளிக்கூடத்துச் சுவர், நேர்சரிப் பள்ளிக்கூடம், டிஸ்பென்சரி, மாதாமாதம் பிள்ளைகளை நிறுக்கும் மிட்வைஃபின் கிளினிக். பாடம் நடக்கும்போது அடிக்கடி வெளியே போகக் கேட்கும் பிள்ளையை முதலில் காண்பது லெப்பையும் டீச்சரும்தான். வளர்ச்சிப் பதிவேட்டின் கோடு கீழே சரிவதைக் காண்பது மிட்வைஃப். ஏதாவதொரு நேரத்தில் எடுத்த சீனி 200 மில்லிகிராமைத் தாண்டி, இந்த அடையாளங்களும் இருந்தால் "நாளைக்குக் காலமயில விறு வயித்தில பார்ப்பம்" என்று வீட்டுக்கு அனுப்பக் கூடாது. அன்றைக்கே வைத்தியசாலை. பிள்ளை சத்தி எடுத்தால் அல்லது மூச்சு வாங்கினால் 1990க்கு எடுத்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

ரமழானில் ஒரு தனிக் கவனம் தேவை. கடமையில்லாத வயதிலும் நமது பிள்ளைகள் ஆசைக்கு நோன்பு பிடிப்பார்கள். அந்த மாதத்தில் ஒரு பிள்ளை தாகம் என்றாலும் களைத்துப் படுத்தாலும் நாம் நோன்பின் மேல் போட்டுவிடுவோம். நோன்பு திறந்து, வயிறு நிறையக் கஞ்சி குடித்த பிறகும் இராமுழுக்கத் தண்ணீர் கேட்டால் அது நோன்பால் வந்த தாகமல்ல. ஏற்கெனவே சீனி வருத்தம் உள்ள பிள்ளை "சாப்பிடல்லதானே" என்று இன்சுலினை நிறுத்துவது அதைவிடப் பெரிய ஆபத்து. காய்ச்சல் வந்து சாப்பிடாமல் கிடக்கும் நாளிலும் அப்படித்தான். அளவை மாற்றலாம், அதை வைத்தியரிடம் கேட்டு மாற்ற வேண்டும். அடியோடு நிறுத்தினால் ஒரு நாளிலேயே அமிலம் தேங்கத் தொடங்கிவிடும். வேர் மருந்தில் சுகமாக்கித் தருகிறேன், ஊசியை விடுங்கள் என்று சொன்ன பரிசாரியை நம்பி மூன்றாம் நாள் வார்ட்டுக்கு வந்த பிள்ளைகளையும் கண்டிருக்கிறேன். 1922 ஜனவரியில் ரொறொன்ரோவில் பதினான்கு வயது லெனாட் தொம்சனுக்கு முதல் இன்சுலின் ஊசி போடப்படும் வரைக்கும், இந்த வருத்தம் வந்த பிள்ளைகள் உலகம் முழுக்க இறந்துகொண்டுதான் இருந்தார்கள். அரசாங்க வைத்தியசாலையில் இன்று அது காசில்லாமல் கிடைக்கிறது.

அந்தப் பிள்ளைக்கு இப்போது இருபத்துமூன்று வயது. வலது காலைக் கொஞ்சம் இழுத்து நடக்கிறா. ஓ.எல். எடுக்க முடியவில்லை, தையல் நன்றாகத் தைக்கிறா. என் பிழையைப் பல வருடம் கழித்து அந்தத் தாயிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நானும் மூணு கிழம பாத்துக்கிட்டுத்தானே இருந்தன் டொக்டர்" என்றார். மகளின் குளுக்கோமீற்றரை வைத்துக்கொண்டு அவர் தெருவிலுள்ள பிள்ளைகளுக்கெல்லாம் சீனி பார்க்கிறார். தண்ணீர் அதிகம் குடிக்கிற பிள்ளை, மெலிந்த பிள்ளை, படுக்கையை நனைக்கிற பிள்ளை என்றால் அயலவர்கள் அவரிடம் கூட்டிவருவார்கள். ஸ்ட்ரிப்புக்குக் காசு வாங்குவதில்லை. எல்லாருக்கும் சரியாகத்தான் இருந்திருக்கிறது, ஒரேயொரு பையனைத் தவிர. நாலு வயது, சீனி 310. சத்தி இல்லை, மூச்சு வாங்கவுமில்லை. அன்றைக்கே அவரே கூட்டிக்கொண்டு வந்தார். கையைப் பிடித்தபடி வார்ட்டுக்குள் நடந்து வந்த அந்தப் பையன், நாலாம் நாள் ஊசி போடப் பழகிய தன் உம்மாவோடு வீட்டுக்குப் போனான்.